நுவரெலியாக் குளிரில் மட்டும் நடுங்கும் டீசல் எஞ்சின்: பம்பா, ஹீட்டர் பிளக்கா?

வெள்ளவத்தை_வாசி எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். இருப்பது வெள்ளவத்தையில். ஓடுவது டொயோட்டாவின் டூ-சீ (2C) எஞ்சின் போட்ட பழைய டீசல் செடான், மனுவல் கியர், டீசல் அடிப்பது மெக்கானிக்கல் பம்ப். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அதற்குக் கொஞ்சம் முன்பு இதை விற்றுவிட்டு வேறு பார்க்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், பிறகு சந்தை விலையைப் பார்த்ததும் அந்த யோசனையே போய்விட்டது, இதையே திருத்தித் திருத்தி ஓடுகிறேன். கொழும்பில் இந்த எஞ்சினைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்கும், ஐடில் (எக்சலேட்டரை மிதிக்காமல் ஓடுகிற வேகம்) 750இல் நிற்கும், காலி வீதி நெரிசலில் ஏசி போட்டு ஊர்ந்தாலும் சூட்டு முள் நடுவைத் தாண்டாது.

சிக்கல் மேலே போனால்தான். மனைவியின் ஊர் நானுஓயாப் பக்கம். இந்த முறை தைப்பொங்கலுக்குப் போனபோது நல்ல குளிர், செய்தியில் துகள் உறைபனி என்று சொல்கிறார்களே, அந்த மாதிரி விடிகாலை. முதல் ஸ்டார்ட்டுக்கு மோட்டர் நீளமாக இழுத்தது. பிறகு பிடித்தது, ஆனால் பிடித்ததே ஒழிய ஒழுங்காக ஓடவில்லை. பொனெட் முழுக்கக் குலுங்குகிறது, கியர் லிவர் தானாக ஆடுகிறது, ஆர்.பி.எம் முள் 500க்கும் 600க்கும் இடையில் தத்தளிக்கிறது. பின்னால் வெள்ளைப் புகை, அதுவும் கண்ணை எரிக்கிற புகை, பச்சை டீசல் வாடை. எக்சலேட்டரை லேசாக மிதித்துப் பிடித்தால் தாங்கும், காலை எடுத்தால் நின்றுவிடப் பார்க்கும். இரண்டு மூன்று நிமிடம் போனதும் யாரோ சுவிட்ச் போட்ட மாதிரி நேராகிவிடும், புகையும் நின்றுவிடும், அப்புறம் பகல் முழுக்க ஒன்றுமில்லை.

கொழும்புக்கு வந்து காட்டினால் யாருக்கும் குறை தெரிவதில்லை, ஏனென்றால் இங்கே குறையே வருவதில்லை. ஒரு மெக்கானிக் பாஸ் பம்பைக் கழற்றி முழுதாகச் செய்ய வேண்டும் என்கிறார், அவர் சொன்ன தொகைக்கு நான் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிடுவேன். இன்னொருவர் டீசலில் தண்ணீர் என்கிறார். மாமா சொல்கிறார், குளிர் நாட்டில் எல்லோரும் இப்படித்தான், ஸ்டார்ட் பண்ணி கால் மணி நேரம் விட்டுவிட்டுத் தேநீர் குடித்து வா என்று.

கேள்வி இரண்டு. இது எங்கே பார்க்க வேண்டிய குறை? அப்புறம் குளிரில் டீசல் எஞ்சினை நின்ற இடத்தில் எவ்வளவு நேரம் ஓட விடலாம், விடுவது நல்லதா?

ஒல்ட்_இஸ்_கோல்ட் எழுதியது:

இதற்கெல்லாம் பெரிய ஆராய்ச்சி வேண்டாம் மச்சான். பம்பில் ஐடில் ஸ்க்ரூ இருக்கிறது, ஐடிலைக் கொஞ்சம் கூட்டி விடு, நடுக்கம் போய்விடும். டீசல் என்றால் காலையில் கொஞ்சம் புகைக்கத்தான் செய்யும். எங்கள் வீட்டு வேனும் அப்படித்தான்.

பம்ப்_பட்டறை எழுதியது:

மேலே எழுதிய தம்பி கோபிக்கக் கூடாது, அந்த ஸ்க்ரூவைத் தயவுசெய்து தொடாதீர்கள். குளிரில் நிற்கிற மாதிரி கூட்டி வைத்தால் கொழும்பு இறங்கியதும் அது 1000க்கு மேலே கத்திக்கொண்டு நிற்கும், நெரிசலில் கிளட்சை விட விட வண்டி தானாகத் தள்ளும், பிறகு யாரோ அதைக் குறைக்கப் போய்ப் பக்கத்திலிருக்கிற டீசல் அளவு ஸ்க்ரூவைத் திருப்பி விடுவார், வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிற அன்றுதான் விஷயம் தெரிய வரும். டீசல் பம்ப் வேலையில் நிறைய வருடம் இருந்தவன் சொல்கிறேன், எங்களிடம் வருகிற பம்புகளில் பாதி இப்படி ஸ்க்ரூ திருப்பிக் கெட்டவைதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். குளிரில் மட்டும், முதல் ஸ்டார்ட்டில் மட்டும், சில நிமிடத்தில் தானாகச் சரியாகிறது, புகை வெள்ளை, வாடை பச்சை டீசல். இது ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் பம்ப் கெட்ட மாதிரியே இல்லை. டீசல் போக வேண்டிய அளவு போகிறது, எரியத்தான் மாட்டேன் என்கிறது. எரியாத டீசல் ஆவியாகி வெளியே வருவதுதான் அந்த வெள்ளைப் புகை, அதனால்தான் கண் எரிகிறது.

ஏன் எரியவில்லை? டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை அமுக்கி வருகிற சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். டூ-சீயின் அமுக்க விகிதம் 23க்கு 1. அவ்வளவு அமுக்கும்போது காற்றின் வெப்பம், கெல்வினில் எடுத்தால், ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். அப்படியென்றால் உள்ளே போகிற காற்று 20 டிகிரி குளிர்ந்தால் அமுக்கி முடிகிற இடத்தில் 50 டிகிரி குறைந்துவிடும். கொழும்பில் விடிகாலைக் காற்று 23, 24 டிகிரி. நீங்கள் நின்ற இடத்தில் அது நான்கோ ஐந்தோ இருந்திருக்கும். அதோடு இந்த எஞ்சினில் டீசல் நேரே பிஸ்டன் மேல் அடிப்பதில்லை, ஹெட்டில் ஒரு சிறு சுழல் அறை இருக்கிறது, அதற்குள் அடிக்கிறது. அந்த அறையின் சுவர் குளிர்ந்து கிடந்தால் அமுக்கிய காற்றின் சூட்டை அதுவே குடித்துவிடும். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறபோது குடிக்க நேரமும் கூட. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு ஹீட்டர் பிளக் நீட்டிக்கொண்டிருக்கிறது.

கொழும்புச் சூட்டில் நான்கில் இரண்டு செத்துக் கிடந்தாலும் இந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும், வீட்டில் யாருக்கும் தெரியாது. மேலே போனதும் உயிரோடு இருக்கிற பிளக் உள்ள சிலிண்டர் மட்டும் பிடிக்கும், மற்றது டீசலை அப்படியே துப்பும். இரண்டு சிலிண்டரோ மூன்று சிலிண்டரோ நான்கின் வேலையைச் செய்தால் குலுங்காமல் என்ன செய்யும், ஆர்.பி.எம் 500க்கு இறங்காமல் என்ன செய்யும்? அறை சூடானதும் செத்த சிலிண்டரும் பற்ற ஆரம்பிக்கும். நீங்கள் சொன்ன சுவிட்ச் போட்ட மாதிரி என்பது அந்த நொடிதான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஹீட்டர் பிளக், காசே செலவில்லாமல் வீட்டு வாசலில் பார்க்கலாம். எஞ்சின் ஆறியிருக்கிற நேரத்தில் பிளக்குகளின் தலையை இணைக்கிற அந்தத் தகட்டுப் பட்டையைக் கழற்றுங்கள், சிறிய நட்டுகள், கீழே விழுந்தால் தேட முடியாது, ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஒவ்வொரு பிளக்கின் தலைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் அளந்து பாருங்கள். நல்ல பிளக் ஒரு ஓம் அளவுக்கோ அதற்குக் குறைவாகவோ காட்டும். செத்தது எதுவும் காட்டாது. பட்டையைக் கழற்றாமல் அளந்தால் நான்கும் ஒன்றாக இணைந்திருப்பதால் ஒன்று உயிரோடு இருந்தாலே எல்லாம் நல்லது போலக் காட்டும், பலர் ஏமாறுவது அங்கேதான்.

பிறகு கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். சாவியை ஓனில் வைக்கும்போது ரிலே டக் என்று சத்தம் போட வேண்டும், உள்ளே கூரை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது லேசாக மங்க வேண்டும், ஏனென்றால் பிளக் ஒவ்வொன்றும் பத்து அம்பியர் அளவுக்கு இழுக்கும். டாஷ்போர்டில் சுருள் விளக்கு எரிந்து அணைவதை நம்பாதீர்கள். அது பிளக்குக்கு எவ்வளவு நேரம் கரண்ட் போக வேண்டும் என்று பார்க்கிற டைமரின் விளக்கு, பிளக்கின் விளக்கு அல்ல. நான்கு பிளக்கும் இல்லாவிட்டாலும் அது அழகாக எரிந்து அணையும்.

இன்னொன்று, உங்கள் வண்டியில் பழைய ஓனர் யாராவது ரிலேயை விட்டுவிட்டு டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு அமுக்கு சுவிட்ச் வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். நம் ஊரில் ஹீட்டர் டைமர் கெட்டால் கராஜ்காரர்கள் செய்கிற வேலை அது. அமுக்கிப் பிடிக்கிற நேரத்துக்குக் கணக்கில்லாததால் பிளக்கை எரித்துவிடுவார்கள்.

பிளக்கைக் கழற்றும்போது மட்டும் அவசரம் கூடாது. வருடக்கணக்கில் கார்பன் பிடித்து இறுகியிருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்து, கொஞ்சம் முன்னே கொஞ்சம் பின்னே என்று ஆட்டி எடுக்க வேண்டும். முறிந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும். வெளியே எடுத்ததும் நுனியைப் பாருங்கள், வெறுமனே கறுத்திருந்தால் வயசு. நுனி உருகியோ தின்னப்பட்டோ இருந்தால் அந்தச் சிலிண்டரின் நோசல் டீசலைத் தூவாமல் ஒழுக விடுகிறது என்று அர்த்தம், அப்போது நோசலைக் கழற்றி டெஸ்டரில் போட்டுப் பார்க்காமல் புதுப் பிளக் போட்டால் அதுவும் போகும்.

ஹட்டன்_ரோட் எழுதியது:

நான் வேன் ஓடுகிறவன், ஹட்டன், நுவரெலியா, வெலிமடை எல்லாம் தினசரிப் பாதை. பம்ப்_பட்டறை ஐயா சொன்னது முழுக்கச் சரி. அதோடு மலைநாட்டில் மட்டும் வருகிற ஒன்று இருக்கிறது, அதையும் பாருங்கள் அண்ணா: வண்டியை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தினீர்கள்?

எங்கள் ஊரில் சமதரை எங்கே இருக்கிறது. மூக்கு மேலே பார்க்க ஏற்றத்தில் நிறுத்தினால் டேங்க் பின்னால் கீழே, பம்ப் முன்னால் மேலே. ஃபில்டர் தலையில் கையால் அமுக்குகிற பிரைமர் இருக்கிறதே, அதன் ரப்பர் வெடித்தோ, மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்புகிற ரிட்டர்ன் ஹோஸ் காய்ந்தோ காற்று உறிஞ்சினால் ராத்திரி முழுக்க டீசல் மெல்ல மெல்லப் பின்னால் இறங்கிவிடும். இதுவும் காலைக் குறைதான், இதுவும் குளிரில்தான் தெரிகிற மாதிரி இருக்கும், பிளக் என்று நினைத்துப் பிளக் மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

வித்தியாசம் இப்படிப் பிடிக்கலாம். காற்று என்றால் முதலில் நன்றாகவே பிடிக்கும், பம்புக்குள் மிச்சமிருக்கிற டீசலில் சில நொடி ஓடும், அப்புறம்தான் தடுமாறும் அல்லது நின்றுவிடும், திரும்ப ஸ்டார்ட் பண்ண ரொம்ப நேரம் அடிக்க வேண்டும். பிளக் என்றால் ஆரம்பத்திலிருந்தே குலுங்கும், போகப் போகச் சரியாகும். ஸ்டார்ட் பண்ண முதல் பிரைமரை அமுக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு அமுக்கில் கல்லாக இறுகினால் காற்று இல்லை. பொதுக் பொதுக் என்று இறங்கிக்கொண்டே இருந்தால் அதுதான் உங்கள் ஆள். சந்தேகம் தீராவிட்டால் ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகிற ஹோஸ் இடத்தில் கண்ணாடி மாதிரித் தெரிகிற டீசல் ஹோஸ் துண்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள், குமிழி ஓடினால் கண்ணுக்கே தெரியும்.

ரம்பொடை ஏறும்போது கறுப்புப் புகை வந்தால் பயப்பட வேண்டாம், அது வேறு கதை. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், காற்று கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்திருக்கும், டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த டீசலை எரிக்கக் காற்றுப் போதாது. இறங்கினால் போய்விடும்.

திரும்பி_வந்தவன் எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் எழுதலாம். ஜெர்மனியில் நிறைய வருடம் டீசல் கார்தான் ஓடினேன், இப்போது கொழும்பில். மாமா சொன்ன கால் மணி நேரக் கதை அங்கே யாரும் செய்வதில்லை. செய்யவும் முடியாது, நின்ற இடத்தில் தேவையில்லாமல் எஞ்சினை ஓட விடுவதை அங்கே போக்குவரத்துச் சட்டத்தின் 30ஆவது பிரிவே தடுக்கிறது. கண்ணாடியில் பிடித்த பனியைச் சுரண்டுகிற நேரத்துக்கு எஞ்சினை ஓட விட்டாலும் அபராதம்தான், கை விறைக்க விறைக்கச் சுரண்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.

சட்டத்தை விடுங்கள், பயனும் இல்லை. டீசல் எஞ்சின் ஐடிலில் மிகக் குறைந்த டீசலைத்தான் எரிக்கும், இரண்டு லீட்டர் எஞ்சின் மணிக்கு அரை லீட்டர் அளவு. பெற்றோல் எஞ்சின் மாதிரிக் காற்றை அடைத்து வைக்கிற கதவும் கிடையாது, சிலிண்டர் நிறையக் குளிர்காற்று வந்து வந்து போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கொஞ்ச எரிப்புச் சூட்டை அந்தக் காற்றே வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். குளிர் கடுமையாக இருந்தால் ஐடிலில் விட்ட டீசல் எஞ்சினின் சூட்டு முள் எழும்பவே எழும்பாது. அதற்குள் எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வடிந்து, ரிங் வழியாக எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும், நோசல் நுனியில் கரி படியும்.

நல்லது என்னவென்றால், பிடித்து அரை நிமிடம், ஒயில் விளக்கு அணைந்து சத்தம் சீரான பிறகு மெதுவாக நகர்ந்துவிடுங்கள். முதல் சில கிலோமீட்டர் 2000க்கு மேல் ஏற்றாமல், ஏற்றத்தில் உயர்ந்த கியரில் அழுத்தி உறுமவும் விடாமல். வேலை கொடுத்தால்தான் எஞ்சின் சூடாகும். உங்கள் வண்டி இப்போது இருக்கிற நிலையில் இரண்டு சிலிண்டரோடு மலைப் பாதையில் இறங்கச் சொல்லவில்லை, பிளக்கைச் சரி பண்ணிய பிறகு.

டீசலே உறைந்திருக்குமோ என்று யாராவது கேட்கலாம். டீசலில் மெழுகு உண்டு, குளிரில் அது பூத்து ஃபில்டரை அடைக்கும், உண்மைதான். அதனால்தான் ஜெர்மனியில் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி முடிவு வரை சைபருக்குக் கீழே 20 டிகிரி வரை ஃபில்டரில் ஓடக்கூடிய குளிர்கால டீசல் விற்க வேண்டும் என்று விதி. ஆனால் மெழுகு அடைத்தால் அறிகுறி வேறு. வண்டி ஸ்டார்ட் ஆகும், கொஞ்சம் ஓடும், பிறகு இழுவை போய் நின்றுவிடும். புகை மண்டி, குலுங்கி, பிறகு தானாகச் சரியாவது மெழுகு இல்லை, தண்ணீரும் இல்லை. தண்ணீர் சந்தேகம் இருந்தால் ஃபில்டர் அடியில் இருக்கிற வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள், அடியில் தனியாக நிற்கும். மண்ணெண்ணெய் கலக்கச் சொல்லி யாராவது வருவார்கள், 2022 தட்டுப்பாட்டில் கலந்து பழகியவர்கள் நிறையப் பேர், கேட்காதீர்கள். உங்கள் பம்புக்கு வேறு எண்ணெய் கிடையாது, டீசலின் பிசுபிசுப்புத்தான் அதற்கு மசகு.

வெள்ளவத்தை_வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியிடம் மல்டிமீட்டர் வாங்கிப் பட்டையைக் கழற்றி அளந்தேன். ஒன்றாம், மூன்றாம் பிளக் எதுவுமே காட்டவில்லை. இரண்டாவது 0.9, நான்காவது 1.1. ரிலே சத்தம் போடுகிறது, கூரை விளக்கும் மங்குகிறது. அமுக்கு சுவிட்ச் எதுவும் இல்லை. பிரைமர் உடனே இறுகுகிறது, ஆனால் நானுஓயாவில் மாமா வீட்டு வாசல் ஏற்றத்தில் மூக்கு மேலே பார்க்கத்தான் நிறுத்தியிருந்தேன், ஹட்டன்_ரோட் தம்பி அதை எப்படிப் பிடித்தீர்கள் தெரியவில்லை.

பஞ்சிகாவத்தையில் பிளக் கேட்டால் கடைக்காரர் இதே எஞ்சினுக்கு வேறு வேறு பிளக் இருக்கிறது, எது வேண்டும் என்கிறார். இரண்டு மட்டும் வாங்கினால் போதுமா, நான்கும் மாற்றவா? அப்புறம் பம்ப் பக்கத்தில் இரண்டு சிறு கூலன்ட் ஹோஸ் வந்து சேர வேண்டிய இடத்தில் ஹோஸ் இல்லை, இரண்டு முனையையும் ஒன்றோடொன்று இணைத்துக் கிளிப் போட்டிருக்கிறது. இது என்ன?

பம்ப்_பட்டறை எழுதியது:

நான்கும் மாற்றுங்கள். மிச்சமிருக்கிற இரண்டும் அதே வயசு, இந்தப் பொங்கலுக்கு நின்றது அடுத்த பொங்கலுக்கு நிற்காது. அதைவிட முக்கியம் வோல்ட். பழைய ஜப்பான் டீசல்களில் ஒரே எஞ்சினுக்கு 6 வோல்ட் அளவிலிருந்து 11, 12 வரை வேறு வேறு பிளக் வந்தன, எது என்பது வண்டியில் இருக்கிற டைமரைப் பொறுத்தது. பழைய பிளக்கின் உடலில் எண் அச்சிட்டிருக்கும், துடைத்துப் பார்த்து அதையே கேளுங்கள். முடிந்தால் பழையதைக் கையில் கொண்டுபோங்கள், நீளமும் திருகுப் புரியும் ஒத்துப் பார்க்கலாம். குறைந்த வோல்ட் பிளக்கை முழு 12 வோல்ட்டில் பிடித்தால் சில நொடியில் எரிந்துவிடும், கடையில் பற்றரியில் வைத்துச் சிவக்கிறதா என்று காட்டச் சொல்லுபவர்கள் இதைக் கவனியுங்கள்.

அந்த ஹோஸ் விஷயம் நல்ல வேளை சொன்னீர்கள். பம்போடு ஒட்டி ஒரு சிறு பாகம் இருக்கும், உள்ளே மெழுகு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மெழுகு சுருங்கி, ஸ்பிரிங் ஒரு லிவரை இழுத்து, டீசல் அடிக்கிற நேரத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளும், ஐடிலையும் உயர்த்தும். கூலன்ட் சூடானதும் மெழுகு விரிந்து லிவரைத் திருப்பி விட்டுவிடும். உங்கள் எஞ்சின் ஆறியிருக்கும்போது 900, 1000இல் ஆரம்பித்து மெல்ல 750க்கு இறங்கியிருக்க வேண்டும். கொழும்பில் எந்நேரமும் 750 என்று நீங்கள் பெருமையாக எழுதியபோதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அந்தப் பாகம் ஒழுகியிருக்கும், யாரோ ஹோஸைச் சுற்றி விட்டார்கள். ஹோஸ் போனால் மெழுகு சூடேறாது, ஐடில் எப்போதும் உயர்ந்தே நிற்கும், ஆகவே லிவரையும் கட்டிப் போட்டுவிட்டார்கள். பம்பைக் கழற்றாமல் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம், பாவித்தது கிடைக்கும்.

கையோடு தெர்மோஸ்டட் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சூடு நாட்டுக்கு அது எதற்கு என்று பிடுங்கி எறிகிற பழக்கம் இங்கே உண்டு. அது இல்லாவிட்டால் மலையில் எஞ்சின் 80 டிகிரியைத் தொடவே தொடாது, மேலே சொன்ன மெழுகும் குழம்பும். பல எஞ்சின்களில் அது இல்லாமல் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றுவதால் ஏற்றத்தில் சூடு கூடுவதும் உண்டு, பிடுங்கியவர் நினைத்ததற்கு நேரெதிர்.

எஞ்சின் ஒயிலின் தடிப்பு 20-50 என்றால் அடுத்த மாற்றத்தில் 15-40க்குப் போங்கள். குளிரில் ஸ்டார்ட்டருக்குச் சுமை குறையும்.

தெஹிவளை_வேன் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது காமன் ரெயில் வேன் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகிற வகை), டொயோட்டாவின் டூ-கே.டி எஞ்சின். காலையில் முதல் ஒரு நிமிடம் டக்டக்டக் என்று அடிக்கும், பிறகு அடங்கும். ஒரு யூடியூபில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் பண்ணி எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். செய்யலாமா?

பம்ப்_பட்டறை எழுதியது:

கூடவே கூடாது. அந்த வழி மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினுக்கு, அதுவும் கண்ணாடி போட்டுக்கொண்டு, துணி சுற்றி. காமன் ரெயிலில் ஓடும்போது அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். நட்டை இளக்கினால் பீறுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், பார்க்க ஊசி குத்தின புள்ளி மாதிரித்தான் இருக்கும், வலிகூட முதலில் தெரியாது, ஆனால் உடனே ஒப்பரேஷன் செய்யாவிட்டால் விரல், சில சமயம் கை போகும். அப்படிப் பட்டால் வீட்டில் இருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உங்கள் எஞ்சினில் ஐடிலைக் கணினிதான் பார்த்துக்கொள்கிறது, கூலன்ட் சென்சர் குளிர் என்று சொன்னால் உயர்த்தும், சூடேறச் சூடேற இறக்கும். கைக்கு ஸ்க்ரூ கிடையாது. ஆறிய எஞ்சினில் டீசல் பற்றக் கொஞ்சம் தாமதமாகும், தாமதித்துச் சேர்ந்த டீசல் ஒரேயடியாகப் பற்றுவதுதான் அந்த அடி. ஓரளவுக்கு இயல்பு. போன வருடத்தை விடக் கூடியிருந்தால் ஸ்கேனர் உள்ள இடத்தில் ராத்திரி வண்டியை விட்டு, காலையில் ஆறிய எஞ்சின் ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து தள்ளி நின்றால் அதைக் கழற்றலாம். சூடேறிய வண்டியைக் கொண்டுபோய்ப் பார்த்தால் எல்லாம் சமமாகத்தான் தெரியும். கழற்றினால் அடியில் இருக்கிற செம்பு வாஷரைப் புதிதாகப் போடாமல் திரும்பப் பூட்ட விடாதீர்கள்.

ஹட்டன்_ரோட் எழுதியது:

வெள்ளவத்தை அண்ணா, பிளக் போட்ட பிறகு அடுத்த முறை மேலே வந்தால் முதல் ஸ்டார்ட்டை ஃபோனில் எடுத்து இங்கே போடுங்கள், சைலன்சர் பக்கம் நின்று, சத்தமும் புகையும் சேர்ந்து வருகிற மாதிரி. நிறுத்திவிட்டு அடிக்கிற இரண்டாவது ஸ்டார்ட்டில் ஒன்றும் தெரியாது. சாவியை ஓனில் வைத்து விளக்கு அணைந்த பிறகும் ஐந்தாறு நொடி பொறுங்கள், பல வண்டியில் விளக்கு அணைந்தாலும் ரிலே இன்னும் கொஞ்ச நேரம் பிளக்கைப் பிடித்திருக்கும், இரண்டாவது டக் சத்தம் கேட்டால் அதுதான். வண்டியை மூக்கு கீழே பார்க்க நிறுத்துங்கள், சக்கரத்துக்குக் கல் வைக்க மறக்க வேண்டாம்.